அச்சம் தணிக்கும் காட்சி

கையில் செய்யப்படும் எல்லா அறுவை சிகிச்சைகளுக்கும் நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்த வேண்டியதில்லை. கைக்குச் செல்லும் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்தினால் கை மட்டும் மரத்துப்போகும். நோயாளி விழித்திருப்பார்; ஆயினும் அறுக்கும் வலியை உணரமாட்டார்.

மரத்துப்போவது கைதான், மனம் அன்று. அறுவை அரங்கின் ஒளியும் கருவிகளின் ஓசையும் நோயாளியை அஞ்சச் செய்யும். அவ்வச்சத்தைத் தணிப்பதற்காகப் புரோபோஃபால் போன்ற அமைதியூட்டும் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றின் அளவு மிகுந்தால் மூச்சு தளரும். இரத்த அழுத்தமும் குறையும். எனவே, மருந்தைத் தேவைக்கு மேல் கொடுக்காதிருத்தல் நன்று.

மருந்தைக் குறைத்து அச்சத்தைத் தணிக்க இயலுமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் இவ்வினா ஆராயப்பட்டது. கை அறுவை சிகிச்சைக்கு வந்த 34 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் மெய்நிகர் காட்சிக் கருவியைக் கண்களில் அணிந்தனர். புல்வெளி, காடு, மலையுச்சி முதலிய காட்சிகள் அவர்களைச் சூழ்ந்து தோன்றின. மற்றக் குழுவினருக்கு வழக்கமான முறையே பின்பற்றப்பட்டது.

ஆய்வின் முடிவுகள் 2022ஆம் ஆண்டில் வெளியாயின. கருவி அணிந்த 17 பேரில் நால்வருக்கு மட்டுமே புரோபோஃபால் கொடுக்கப்பட்டது. மற்றக் குழுவில் 17 பேருக்கும் அது தேவைப்பட்டது. கருவி அணிந்தோர் அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பு அறையிலிருந்து சராசரியாக 22 நிமிடங்கள் முன்னதாகவே வெளியேறினர். இரு குழுவினரின் மனநிறைவிலும் பெரிய வேறுபாடு இல்லை.

இதன் காரணம் எளிது. மனித மனத்தின் கவனம் அளவுக்குட்பட்டது. கதை நூலில் ஆழ்ந்திருக்கும் குழந்தையின் செவியில் தாய் அழைக்கும் குரல் விழுவதில்லை அன்றோ? அவ்வாறே, மலையுச்சியைக் காணும் மனத்தில் கருவிகளின் ஓசை பின்னே சென்றுவிடுகிறது.

எனினும், காட்சியால் மட்டும் கை மரத்துப்போய்விடாது. கருவி அணிந்தோருள் சிலருக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்து கூடுதலாகவே தேவைப்பட்டது. கருவியை அணிந்தால் தலைசுற்றல் அடைவோரும் உளர். ஆகவே, மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் அருகிலேயே இருப்பார். வேண்டும்போது மருந்தும் கொடுப்பார். நோயாளி மலையுச்சியில் உலவும்போதும் அவருடைய மூச்சையும் நாடியையும் கவனித்துக்கொண்டிருப்பவர் மருத்துவரே.

சிந்தித்து விடை எழுதுக:
1. கை மரத்துப்போன பின்னும் அமைதியூட்டும் மருந்து கொடுக்கப்படுவது ஏன்?
2. மெய்நிகர் காட்சி இருந்தும் மருத்துவர் அருகிலிருக்க வேண்டிய காரணங்கள் இரண்டனை எழுதுக.