உக்கிராணமும் அஞ்சறைப்பெட்டியும்: எக்ஸ்ப்ளாயிட் எழுதுகிறவர்களின் பைத்தான் தொகுப்பு எப்படி இயங்குகிறது?

கல்யாணச் சமையல் நடக்கும் இடத்தில் சாமான் இரண்டு விதமாக இருக்கும். பின்கட்டில் உக்கிராணம். மூட்டை மூட்டையாகத் துவரம்பருப்பு, டின் டின்னாக எண்ணெய். எது எங்கே இருக்கிறது என்பது உக்கிராணக்காரருக்குத் தெரியும். கேட்டால் எடுத்துத் தருவார், கணக்கிலும் எழுதிக்கொள்வார். அடுப்படியில் தலைமைச் சமையல்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப்பெட்டி. (கல்யாண வீட்டில் அது பெரிய தட்டாகத்தான் இருக்கும்; வேலை அதே.) எண்ணெய் புகையத் தொடங்கிய பிறகு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. கை போன இடத்தில் கடுகு இருக்க வேண்டும்.

ப்வன்டூல்ஸ் என்ற பைத்தான் தொகுப்பு இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் கட்டப்பட்டிருக்கிறது. கேலப்ஸ்லெட் என்ற சி.டி.எஃப். போட்டி அணி உருவாக்கியது இது. சி.டி.எஃப். என்பது, வேண்டுமென்றே ஓட்டை வைத்துத் தரப்படும் நிரல்களை உடைத்து, உள்ளே ஒளித்திருக்கும் ‘கொடி’யை எடுத்துக் காட்டும் போட்டி. அப்படி உடைக்கும் சிறு நிரலுக்குத்தான் எக்ஸ்ப்ளாயிட் என்று பெயர். ஓட்டை இருக்கிறது என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், அதன் வழியே உள்ளே போய்க் காட்டுவது அது. அனுமதி பெற்றுச் செய்யும் பாதுகாப்புச் சோதனையிலும் இதே கருவிகள்தான் புழங்குகின்றன. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் கை வைத்தால், இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 ஆகிய பிரிவுகள் காத்திருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவோம்.

இப்படி ஒரு தொகுப்பு வருவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் பழைய நிரலிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வலையில் இணைய சாக்கெட், எண்களைப் பைட்டுகளாக்க ஸ்ட்ரக்ட், உள்ளே நுழைந்ததும் விசைப்பலகையை நேரே இணைக்க டெல்நெட்லிப். மூன்றும் பைத்தானோடு வந்தவை. இன்று அந்தப் பழைய நிரல்களை ஓட்டிப் பார்த்தால் பல முதல் வரியிலேயே விழும். 2024இல் வந்த பைத்தான் 3.13, டெல்நெட்லிப்பை நூலகத்திலிருந்தே எடுத்துவிட்டது.

ப்வன்டூல்ஸின் 2.0 பதிப்பை வடிவமைத்தபோது உருவாக்கியவர்களுக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. தொகுப்பு மற்ற பைத்தான் தொகுப்புகளைப் போல ஒழுங்காக, புதியவருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதே சமயம் போட்டி நேரத்தில் ஒரே வரியில் எல்லாம் கைக்கு வர வேண்டும். டெர்மினலின் நடத்தை கூட மாற வேண்டும். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது, ஆவணத்திலும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். சமரசம் செய்யப் போகாமல் இரண்டு மாட்யூல்களாகப் பிரித்தார்கள். ப்வன்லிப் என்பது உக்கிராணம். ப்வன் என்பது அஞ்சறைப்பெட்டி.

‘ஃப்ரம் ப்வன் இம்போர்ட் ஸ்டார்’ என்று ஒரு வரி எழுதினால் என்ன நடக்கிறது? ப்வன்லிப்பின் பல அறைகளிலிருந்து பெயர்கள் திரண்டு உங்கள் நிரலுக்குள் வந்து விழுகின்றன. டெர்மினலில் வண்ணச் செய்திகள் ஓடத் தயாராகின்றன. கட்டளை வரியில் நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிய சொற்களைத் தொகுப்பு தானே பிடுங்கிக்கொண்டு ‘ஆர்க்ஸ்’ என்ற அகராதியில் போட்டுவிடுகிறது. அதனால் நிரலின் பெயருக்குப் பின்னால் ‘ரிமோட்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டி, அதை நிரலில் ஒரு வரியில் சோதித்தால் போதும். சொந்தக் கணினியில் ஓடும் சோதனை போட்டி சர்வரை நோக்கித் திரும்பிவிடும். ‘டீபக்’ என்று சேர்த்தால் போகிற வருகிற ஒவ்வொரு பைட்டும் திரையில் தெரியும்.

சாதாரண பைத்தான் உலகில் இப்படிச் செய்பவரை ஊர் ஏசும். இம்போர்ட் செய்தாலே பக்கவிளைவு என்றால் அது நல்ல வளர்ப்பு இல்லை என்பார்கள். நியாயம்தான். ஆனால் போட்டி மேசையில் எழுதப்படும் நாற்பது வரி நிரலுக்கு அந்த நியாயம் பொருந்தாது என்பது என் கட்சி. தாளிக்கிறவரை ஒவ்வொரு கடுகுக்கும் உக்கிராணத்துக்கு நடக்கவிட்டால் எண்ணெய் கருகும்.

தவறு வேறு இடத்தில் நடக்கிறது. அணியில் ஒருவர் தங்களுக்கென்று சின்னதாக ஒரு துணைத் தொகுப்பு எழுதுவார். பழக்க தோஷத்தில் அதன் தலையிலும் அதே நட்சத்திர வரியைப் போட்டுவிடுவார். இனி அந்தத் துணைத் தொகுப்பை இம்போர்ட் செய்கிற ஒவ்வொரு நிரலின் கட்டளை வரியும் களவு போகும், டெர்மினலும் மாறும். காரணம் எங்கே என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். அஞ்சறைப்பெட்டியிலிருந்து அள்ளி இன்னொரு உக்கிராணத்தை நிரப்பக் கூடாது. மேலே கட்டுகிற எதுவும் ப்வன்லிப்பிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ப்வன் கடைசி நிரலில் மட்டும்.

உக்கிராணத்துக்குள் போவோம். அறைகள் வேலை வாரியாகப் பிரிந்திருக்கின்றன. ஈ.எல்.எஃப். அறை லினக்ஸ் இயங்குகோப்பைத் திறந்து எந்தச் செயற்கூறு எந்த முகவரியில் என்று சொல்லும். பேக்கிங் அறை எண்ணைப் பைட்டாக்கும். ட்யூப்ஸ் அறைதான் எனக்குப் பிடித்தது. கணினியில் ஓடும் ஒரு புரோசெஸ், தொலைவில் உள்ள சர்வர், எஸ்.எஸ்.எச். இணைப்பு, சீரியல் போர்ட் ஆகிய நான்கும் அடியில் முற்றிலும் வேறு. ஆனால் அனுப்பு, வாங்கு, இந்தச் சொல் வரும்வரை வாங்கு என்ற கட்டளைகள் எல்லாம் ‘ட்யூப்’ என்ற ஒரே தாய் வகுப்பில் இருக்கின்றன. சேய் வகுப்புகள் பைட்டைத் தள்ளுவது, இழுப்பது, மூடுவது போன்ற அடிமட்ட வேலைகளை மட்டும் தம் வழியில் எழுதினால் போதும். சின்ன வாணலியில் ஒரு கரண்டி செய்து ருசி பார்த்துவிட்டு, அதே செய்முறையை அண்டாவுக்கு மாற்றுவது இதனால்தான் ஒரு வரி வேலையாகிறது.

ஷெல்கிராஃப்ட் அறையின் அமைப்பு இன்னும் சுவாரசியம். அங்கே மெஷினுக்கான சிறு அசெம்ப்ளித் துண்டுகள் மேக்கோ என்ற வார்ப்புரு மொழியில் கிடக்கின்றன. முதலில் ஐ386, ஏஎம்டி64, ஆர்ம், மிப்ஸ் என்று பிராசஸருக்கு ஒரு கோப்புறை, உள்ளே லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கு ஒன்று, அதற்குள் கோப்புகள். கோப்புறையின் பாதையே பைத்தானில் பெயராகிவிடுகிறது. புதிய துண்டு சேர்க்க வேண்டுமென்றால் சரியான கோப்புறையில் ஒரு கோப்பை வைத்தால் போதும். வேறெங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்த ஒழுங்கை நம் சொந்தத் தொகுப்புகளில் அப்படியே காப்பியடிக்கலாம்.

எல்லா அறைகளுக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு: கான்டெக்ஸ்ட். இன்றைக்கு எந்த அடுப்பு என்பதை அது வைத்திருக்கிறது. எரிவாயு அடுப்பில் ஏறும் பித்தளைப் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஏறாது. அதுபோல 32 பிட் பிராசஸருக்கு ஆக்கிய பைட்டுகள் 64 பிட் நிரலுக்குள் வேகாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கான்டெக்ஸ்ட் ஐ386, 32 பிட், லிட்டில் எண்டியன் என்று தானே எடுத்துக்கொள்ளும். புதியவர்களின் பாதி அழுகைக்குக் காரணம் இந்த இயல்புநிலைதான். வழி எளிது. கான்டெக்ஸ்டின் ‘பைனரி’ என்ற இடத்தில் உடைக்க வேண்டிய கோப்பையே கொடுத்துவிடுங்கள். பிராசஸர், பிட், பைட் வரிசை மூன்றையும் அதிலிருந்தே படித்துக்கொள்ளும்.

இனி பதிப்பு எண். ஊறுகாய் ஜாடியில் தேதிச் சீட்டு ஒட்டுவது போல, ப்வன்லிப் கோப்புறைக்குள் வெர்ஷன் என்ற சிறு கோப்பில் எண் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பகுதிகள். முதல் எண் மாறினால் பழைய செய்முறை ஓடாமல் போகலாம்; நடு எண் மாறினால் புதிய வசதி; கடைசி எண் பிழைத்திருத்தம். இவை தசம எண்கள் அல்ல. 4.10 என்பது 4.9க்குப் பிந்தியது.

முதல் எண் மூன்றிலிருந்து நான்காக மாறிய கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பைத்தான் 2.7க்கு அதிகாரபூர்வ ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அதே மாதம் வந்த ப்வன்டூல்ஸ் 4.0.0தான் பைத்தான் 3இல் ஓடிய முதல் நிலையான வெளியீடு. பழைய பைத்தானில் எழுத்தும் பைட்டும் ஒன்றேதான். நாற்பது ‘ஏ’க்களை எழுதி, பின்னால் ஒரு முகவரியைப் பேக் செய்து கூட்டினால் வேலை முடிந்தது. பைத்தான் 3இல் எழுத்துச்சரம் வேறு, பைட்டுச்சரம் வேறு. கூட்டப் போனால் டைப்எர்ரர். ஆழாக்கில் எழுதிய செய்முறையைக் கிராம் தராசு வைத்திருப்பவரிடம் கொடுத்த நிலை. இதற்காகத் தொகுப்பை எழுதியவர்கள் ஓர் இளகிய வழி வைத்தார்கள். வெறும் எழுத்துச்சரத்தை அனுப்பினால் ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும்; ஆனால் உத்தரவாதம் இல்லை என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பலர் வருடக்கணக்கில் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறார்கள். மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு ‘பி’ போடுவதற்கு என்ன சோம்பல் என்று தெரியவில்லை.

வெளியீடு மூன்று கிளைகளில் நகர்கிறது: டெவ், பீட்டா, ஸ்டேபிள். புதுப் பலகாரம் முதலில் டெவ்வில். ருசி பார்க்கச் சிலருக்குப் பீட்டா. பந்திக்கு வருவது ஸ்டேபிள். சாதாரணமாகப் பிப் இன்ஸ்டால் செய்தால் பீட்டா வராது, கேட்டால்தான் வரும். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் டாக்டெஸ்ட் முறையில் சோதனைகளாகவும் ஓடுகின்றன. சமையல் புத்தகத்தில் அச்சான செய்முறையைப் புத்தகம் மாறும்போதெல்லாம் சமைத்தே பார்ப்பது போல. இதைச் செய்யாத தொகுப்புகளின் ஆவணங்களை நான் பாதிதான் நம்புகிறேன்.

ஆனால் எக்ஸ்ப்ளாயிட் விஷயத்தில் மூன்று எண்களின் வாக்குறுதி போதாது. செயற்கூறின் பெயரும் உள்ளீடும் மாறாமல், அது பெற்றுத்தரும் அசெம்ப்ளித் துண்டு மட்டும் ஒரு பைட் நீண்டுவிட்டது என்று வையுங்கள். வழக்கமான நிரலருக்கு அது மாற்றமே அல்ல. முப்பத்திரண்டு பைட் இடத்துக்குள் அடக்கி வைத்திருந்த உங்கள் நிரலுக்கு அதுவே மரணம். அதனால்தான் வேலை முடிந்த எக்ஸ்ப்ளாயிட் ஒவ்வொன்றுக்கும் தனி வர்ச்சுவல் சூழல் வேண்டும். தேவைப் பட்டியலில் இரட்டைச் சமக்குறி போட்டுத் துல்லியமான பதிப்பு வேண்டும். ‘இதற்கு மேல் எதுவும் சரி’ என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் முன் அதே சோதனையை ஓட்டிக் காட்டும்போது கை நடுங்கும்.

அதைவிடப் பெரியது எதிர்ப்பக்கத்தின் பதிப்பு. புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஒரே அளவு தண்ணீர் வைத்தால் ஒன்று குழைந்துவிடும். லினக்ஸில் அரிசி மாதிரி எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஜி.லிப்சி என்ற சி மொழி நூலகம். உபுண்டு 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் 2.35. சிஸ்டம் போன்ற செயற்கூறுகள் இருக்கும் இடம் இரண்டிலும் வேறு வேறு. இடம் மட்டுமா? நினைவக ஹீப்பில், விடுவித்த துண்டுகளைக் கைக்கருகே வைத்துக்கொள்ளும் டிகேஷ் வந்தது 2017இன் 2.26இல். சுட்டிகளைக் குழப்பி வைக்கும் சேஃப்-லிங்கிங் 2020இன் 2.32இல். 2021இல் வந்த 2.34, நினைவகம் கேட்கும்போதும் விடும்போதும் குறுக்கிட வழிவிட்ட மல்லாக் ஹூக், ஃப்ரீ ஹூக் இரண்டையும் புதிய நிரல்களுக்கு இல்லாமலே ஆக்கிவிட்டது. பல ஆண்டுகளாகப் பாடமாகச் சொல்லித்தரப்பட்ட உத்திகள் அந்த ஒரு வெளியீட்டோடு காலாவதியாகின. ஆக, எக்ஸ்ப்ளாயிட்டுக்கு இரண்டு தேதிச் சீட்டு வேண்டும்: கருவிக்கு ஒன்று, இலக்குக்கு ஒன்று. முதலாவதைப் பிப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அணிக்கு ஒரு களஞ்சியம் அமைப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொதுக் கருவிகள் ஒரு தொகுப்பாக, தனக்கென்று பதிப்பு எண்ணோடு, ப்வன்லிப்பை மட்டும் நம்பி நிற்கட்டும். எக்ஸ்ப்ளாயிட்டுகள் அந்தத் தொகுப்புக்கு வெளியே, இலக்குக்கு ஒரு கோப்புறையாக இருக்கட்டும். அந்தக் கோப்புறையில் நிரலோடு இலக்கின் இயங்குகோப்பு, அதன் ஷா-256 கைரேகை, கூட வந்த லிப்சி, லோடர் ஆகியவையும் இருக்கட்டும். லிப்சி சில மெகாபைட்தான். ‘இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்’ என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்தான் பின்னாளில் இரவெல்லாம் சரியான பில்டைத் தேடுகிறவர்.

உங்களிடம் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பழைய நிரல்கள் சீட்டில்லாமல் கிடந்தால், புதிதாக எதுவும் எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறவற்றின் தலையில் பைத்தான் பதிப்பு, ப்வன்டூல்ஸ் பதிப்பு, ஜி.லிப்சி பதிப்பு என்று மூன்றே வரி கமெண்ட் எழுதிவிடுங்கள். ஓடாதவற்றைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளுங்கள், அழிக்க வேண்டாம்.