கணப்புக்குள் ஓர் இரும்புப் பெட்டி

குளிர்நாட்டு வீடு – 9

வீட்டின் இடுக்குகளை அடைப்பதைப் பற்றியும், மச்சின்மேல் பஞ்சுப் பொதி பரப்புவதைப் பற்றியும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அவ்விரண்டும் உள்ள உஷ்ணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உபாயங்கள். உஷ்ணத்தை உண்டாக்கும் சாதனங்களுள், அமெரிக்கர்கள் 'இன்ஸெர்ட்' என்று சொல்லும் உட்செருகு அடுப்பை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் நண்பர் ஒருவருடைய வீட்டில், ஒரு ஜனவரி மாதத்து இரவு விருந்தாளியாக இருந்தேன். வெளியே பனி முழங்காலளவு கிடந்தது. நூறு வயதைத் தாண்டிய அந்த மரவீட்டின் கூடத்தில், ஓர் ஆள் குனிந்து உள்ளே நுழையக்கூடிய அளவுக்குச் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று உண்டு. நான் வந்திருக்கிறேன் என்பதற்காகவே அன்று அதில் தாராளமாக விறகை அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள். "அண்ணா, இப்படி நெருப்புப் பக்கமாக வந்து உட்காருங்கள்" என்று நண்பரின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். முகம் காந்தியது, முதுகு விறைத்தது. அதைவிட விசித்திரமானது, படுக்கைக்கு மாடி ஏறியபோது நான் கண்டது: நெருப்பே மூட்டாத முந்தின இரவில் சுகமாக இருந்த அறை, இவ்வளவு விறகு எரிந்த அன்றைய இரவில் தாங்க முடியாதபடி சில்லிட்டிருந்தது.

காரணம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. திறந்த கணப்பில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு, தனக்கு வேண்டிய காற்றைப்போலப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து இழுத்துப் புகைபோக்கி வழியாக வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. அப்படிப் போகும் காற்றோ வீட்டின் எண்ணெய்க் கொதிகலன் ஏற்கெனவே பணம் செலவழித்துச் சூடாக்கி வைத்த காற்று. அது போன இடத்தை நிரப்புவதற்கு, ஜன்னல் சட்டங்களின் இடுக்குகளிலும் கதவடியிலும் வெளியிலுள்ள உறைபனிக் காற்று புகுந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, கொதிகலனை இயக்கவும் நிறுத்தவும் செய்யும் தெர்மாஸ்டாட் கூடத்துச் சுவரிலேயே இருந்தது. கூடம் சூடானதும் வீடு முழுவதும் சூடாகிவிட்டதாக அது முடிவு செய்து, கொதிகலனை நிறுத்திவிட்டது. திறந்த கணப்பில் எரியும் விறகின் உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீட்டில் தங்குவது அரிது என்பதும், கடுங்குளிர் இரவுகளில் அந்தப் பங்கும் நஷ்டக் கணக்கிலேயே சேர்ந்துவிடக்கூடும் என்பதும் அன்று எனக்குப் பிரத்தியட்சமாயின.

இந்தக் குறையை நிவர்த்தி செய்யப் பாடுபட்டவர்களுள் முதன்மையான இருவர் அதே மாஸசூஸெட்ஸ் மண்ணில் பிறந்தவர்கள். இருவர் பெயரும் பெஞ்சமின். பாஸ்டனில் 1706-இல் பிறந்து பிலடெல்பியாவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், கணப்பின் வாய்க்குள் பொருத்துவதற்காக வார்ப்பிரும்புத் தகடுகளாலான ஒரு பெட்டியை வகுத்து, அதன் பெருமையை விளக்கி 1744-இல் ஒரு சிறு பிரசுரமும் வெளியிட்டார். மாகாண கவர்னர் அதற்குத் தனியுரிமை அளிக்க முன்வந்தபோது, பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைவதுபோல நம்முடையதும் பிறருக்குப் பயன்படட்டும் என்ற கருத்தோடு அதை மறுத்துவிட்டார் என்பது அவருடைய சுயசரிதையில் காணும் செய்தி. அந்த மனத்தை வணங்குகிறேன். ஆனால் அந்த அடுப்பில் ஒரு பிழை இருந்தது. புகையை மேலே ஏற்றி, ஒரு காற்றறையைச் சுற்றி மறுபடியும் கீழே இறக்கி, தரைக்கடியில் கொண்டுபோய், அதன் பிறகே புகைபோக்கியில் சேர்க்க அவர் வழி செய்திருந்தார். புகையிலுள்ள உஷ்ணம் முழுவதையும் பிழிந்து எடுத்துவிட வேண்டும் என்பது நோக்கம். மேலே ஏறுவதையே இயல்பாகக் கொண்ட புகை, உஷ்ணத்தை இழந்த நிலையில் கீழிறங்க மறுத்தது. நெருப்புச் சற்றுத் தணிந்தாலும் அறைக்குள் திரும்பியது.

மற்றவர் வோபர்ன் என்ற சிற்றூரில் 1753-இல் பிறந்த பெஞ்சமின் தாம்ஸன். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் ஆங்கிலேய அரசரின் பக்கம் நின்றதால் நாட்டைவிட்டு வெளியேறி, பவேரியாவில் உத்தியோகம் பார்த்து, ரம்போர்டு பிரபு என்ற பட்டத்தோடு லண்டனுக்கு வந்த அவர், 1796-இல் கணப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆழமான கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை செல்லும் தொண்டையை நான்கு அங்குலத்துக்குச் சுருக்கினால், புகையும் ஒழுங்காகப் போகும், உஷ்ணமும் அறைக்குள் வீசும் என்பதே அதன் சாரம். லண்டன் சீமான்கள் தங்கள் கணப்புகளை இடித்துத் திருத்திக்கொண்டார்கள். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில்கூட அந்தக் கணப்பு இடம் பெற்றுவிட்டது. இரும்பை நம்பியவர் பிராங்க்ளின். வடிவத்தை நம்பியவர் ரம்போர்டு. இன்றைய உட்செருகு அடுப்பு இவ்விருவருக்கும் கடன்பட்டது.

பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் மலிவாகக் கிடைத்த நாளில் அமெரிக்கர்கள் கணப்பை அலங்காரப் பொருளாக்கிவிட்டார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்த, பீப்பாய் 3 டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. ஜனங்கள் விறகுக்குத் திரும்பினார்கள். அந்த அவசரத்தில் விற்பனையான இரும்புப் பெட்டிகளைக் கணப்பின் வாய்க்குள் அப்படியே தள்ளி, சுற்றிலும் ஒரு தகட்டை வைத்து மூடினார்களேயன்றி, பெட்டியிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை குழாய் எதையும் பொருத்தவில்லை. அகலமான பழைய செங்கல் புகைபோக்கிக்குள் அந்தப் புகை அலைந்து, குளிர்ந்து, கிரியோஸோட் என்னும் கரிய தார்ப்பிசினாகச் சுவரெங்கும் படிந்தது. அது ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுவரை வெப்பம் ஏறக்கூடும். வெடித்த செங்கல்லின் வழியே அத்தீ வீட்டு மரச்சட்டங்களைத் தொட்டுவிடும். இப்படி வீடிழந்த குடும்பங்கள் பல. ஆகையால் இன்று உட்செருகு அடுப்பு வாங்குகிறவர், அதன் விலையோடு, துருப்பிடிக்காத எஃகு உள்குழாய் ஒன்றை அடுப்பின் தலையிலிருந்து கூரைக்கு மேல்வரை பொருத்தும் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பெரும்பாலும் ஆறு அங்குலக் குழாய் போதும். புகைபோக்கி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் குழாயைச் சுற்றி உஷ்ணம் காக்கும் போர்வையும் அவசியம். இந்தச் செலவைக் குறைத்துத் தருகிறேன் என்கிற கடைக்காரரிடம் அடுப்பே வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி அடுப்பின் உள்ளே பார்ப்போம். விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, அதில் முதலில் நடப்பது நீர் ஆவியாதல், அடுத்து, சூடேறிய மரம் தன்னுள் அடங்கிய வாயுக்களை வெளிவிடுகிறது, எஞ்சுவது கரி. விறகின் சக்தியில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில் இருக்கிறது. அவை எரிவதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும்; அது கிட்டாவிட்டால் அவையே புகையாகி வெளியேறுகின்றன. கண்ணால் பார்க்கும் புகை என்பது எரியத் தவறிய விறகுதான். நல்ல அடுப்பில் தீச்செங்கல் பதித்த சுவர்கள் உஷ்ணத்தை உள்ளேயே நிறுத்திவைக்க, மேலே உள்ள தடுப்புப் பலகையின் கீழ்த் துளைகளிலிருந்து சூடாக்கப்பட்ட காற்று பாய, அந்தப் புகை அங்கேயே மறுபடியும் தீப்பற்றி, அந்தரத்தில் நீலமும் பொன்னுமாக ஆடுவதைக் கண்ணாடி வழியே காணலாம். வேறொரு வகை, பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற கிரியா ஊக்கியை வைத்து, 260 டிகிரி அளவிலேயே புகையை எரித்துவிடுகிறது. மெதுவாக, நெடுநேரம் எரியும் நெருப்பை விரும்புகிறவருக்கு இது ஏற்றது. ஆனால் வர்ணம் பூசிய மரமோ குப்பையோ அதில் விழக்கூடாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்கியை மாற்றவும் வேண்டும். புகையளவுக்கு அமெரிக்க அரசு 1988-இல் முதன்முதலாக வரம்பு விதித்தது. 2020 முதல் அது மணிக்கு 2 கிராம், அடுக்கு விறகைக் கொண்டே சோதித்தால் 2.5 கிராம். பழைய அடுப்புகள் மணிக்கு இருபது கிராமுக்கு மேலும் கக்கியவை. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய அடுப்பை வாங்குவது, அண்டை வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கு நாம் இழைக்கும் துரோகம்.

என் நண்பர் செய்த தவறு வேறு. சில ஆண்டுகள் கழித்து நான் மறுபடி சென்றபோது, கணப்பின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உட்செருகு அடுப்பு உட்கார்ந்திருந்தது. வீடு முழுவதையும் சூடாக்க வேண்டுமானால் உள்ளவற்றில் பெரியதே வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அக்டோபர் மாதத்து இளங்குளிரில் அதை மூட்டினால் கூடத்தில் இருக்க முடியவில்லை. அதற்கு அவர் கண்ட வழி, காற்றுத் திறப்பை அடைத்து நெருப்பைப் புழுங்கவிடுவது. விளைவு என்ன? கண்ணாடி இரண்டே நாளில் கறுத்தது. கூரைமேல் மஞ்சள் கலந்த கனத்த புகை கவிந்தது. புகைபோக்கி துப்புரவு செய்ய வந்தவர் வாளி வாளியாகத் தார்க்கட்டிகளை அள்ளினார். பெரிய அடுப்பைச் சிறிதாக எரித்துக்கொள்ளலாம் என்பது எண்ணெய்க்கும் வாயுவுக்கும் பொருந்தும் கணக்கு, விறகுக்குப் பொருந்தாது. விறகு நெருப்புக்கு மூச்சு வேண்டும். மூச்சைப் பிடித்து நிறுத்திய நெருப்பு வீட்டுக்கும் உதவாது, ஊருக்கும் ஆகாது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடும்போது சிறியதையே எடுங்கள். வருஷத்தில் மிகக் கொடிய குளிர் அடிக்கும் பத்து இரவுகளை உத்தேசித்து அடுப்பை வாங்கி, எஞ்சிய நூற்றைம்பது நாளும் அதைத் திணறவைப்பதைவிட, நூற்றைம்பது நாளும் சுடர்விட்டு எரியக்கூடிய அடுப்பை வாங்கி, அந்தப் பத்து இரவுகளுக்குக் கொதிகலனைத் துணைக்கு அழைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். நடுத்தரமான கூடமும் அதையொட்டிய ஓர் அறையும் உள்ள வீட்டுக்கு, ஒன்றரை முதல் இரண்டு கன அடிவரை கொள்ளளவுள்ள அடுப்பு பெரும்பாலும் போதுமானது. மற்ற அறைகளுக்கு உஷ்ணம் செல்லவில்லை என்ற குறைக்குப் பெரிய அடுப்பு பரிகாரமாகாது. தூரத்து அறையின் வாசலில், தரையோடு ஒரு சிறு மின்விசிறியை வைத்து, அங்குள்ள குளிர்ந்த காற்றைக் கூடத்தை நோக்கித் தள்ளினால், அதற்கு ஈடாகக் கூடத்தின் வெதுவெதுப்பு மேற்கூரையோரமாகத் தானே அங்கு வந்து சேரும். நண்பர் வீட்டில் இதை என் கண்ணால் கண்டேன்.

இன்னும் ஒன்று. உட்செருகு அடுப்பு செங்கல் குகைக்குள் ஒளிந்திருப்பதால், அதன் உஷ்ணத்தை வெளியே தள்ளப் பெரும்பாலும் மின்விசிறி வைத்திருப்பார்கள். பனிப்புயலில் மின்கம்பிகள் அறுந்து விழும் இரவில், நெருப்பு மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், விசிறி நின்றுவிடும். அதனால், முகப்பு சற்று முன்துருத்திக் கணப்பின் படிமேல் நிற்கும் அடுப்பு, சுவரோடு சமமாக நிற்கும் அழகிய அடுப்பைவிடச் சிறந்தது. மேலே, பழைய புகைபோக்கியின் வாயைக் குழாயைச் சுற்றித் தகட்டால் அடைக்காமல் விட்டால், உஷ்ணத்தில் ஒரு பகுதி செங்கல்லோடு போய்விடும். கார்பன் மோனாக்ஸைடு என்ற நாற்றமற்ற நச்சு வாயுவை அறிந்து ஒலிக்கும் கருவி ஒன்று படுக்கையறைப் பக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும்.

விறகைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவும் சொல்லிப் பயனில்லை. பச்சை விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை நீர் இருக்கக்கூடும். அதை அடுப்பிலிட்டால், நெருப்பு தன் பலத்தையெல்லாம் அந்நீரைக் கொதிக்கவைப்பதிலேயே செலவிடும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்குள் அடங்க வேண்டும். ஆஷ் மரம் ஓராண்டுக்குள் காயக்கூடும். ஓக் மரத்துக்குப் பிளந்து அடுக்கிய பின்னும் இரண்டு ஆண்டுகளாவது வேண்டும். விற்பவர் 'காய்ந்தது' என்று சத்தியம் செய்வது, பிளக்காத தடிகளாக ஓராண்டு கிடந்ததையாக இருக்கலாம். பட்டைக்குள் இருக்கும் ஈரம் பிளந்தாலன்றி எளிதில் வெளியேறுவதில்லை. நண்பரின் அண்டைவீட்டு முதியவர் இரண்டு கட்டைகளைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். காய்ந்தது கணீரென்றது, ஈரமானது மொத்தென்றது. சந்தேகம் இருந்தால், ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியின் முட்களைக் குத்திப் பார்ப்பது உத்தமம்.

கடைசியாக நான் போனபோது நண்பர் வீட்டில் பெரிய அடுப்பு இல்லை. அதில் பாதியளவுள்ள ஒன்று தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. மாடியில் கம்பளி ஒன்று போதுமானதாக இருந்தது. பாஸ்டன் பக்கத்தில் குடியேறி, வருகிற குளிர்காலத்துக்கு இப்படி ஓர் அடுப்பு வைக்க நினைக்கும் நம்மவர் யாரேனும் இதைப் படித்தால், அவருக்கு என் வேண்டுகோள் இது: நான்கடி உயரமும் நான்கடி அகலமும் எட்டடி நீளமுமான ஒரு 'கார்டு' ஆஷ் விறகை இந்த வசந்தத்திலேயே வாங்கிப் பிளந்து, வெயிலும் காற்றும் படும்படி, மேலே மட்டும் மூடி அடுக்கிவிடுங்கள். அடுப்புக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு ஆகட்டும்.