வன்தட்டின் கொள்ளளவும் கட்டுப்படுத்தியின் நிலைபொருளும்

எழுத்தைப் பேணுதல் மக்கள் தம் வாழ்வைப் பேணுதலேயாம். இவ்வுண்மையை மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி மக்கள் துன்பத்தினூடே அறிந்தவர்கள். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இவ்வூரவரும் மனையும் தோட்டமும் துறந்து புத்தளப் பகுதியிற் குடியேற நேர்ந்தது. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பலருக்குப் பின்னே தங்கிவிட்டன. 2009 இற் போர் முடிந்தபின் ஊர் மீண்டவர்க்கு, தம் நிலம் தமதே என்று காட்ட ஒரு தாள் எத்துணை இன்றியமையாதது என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டா.

எஞ்சிய தாள்களைப் படிமமாக்கிக் கணினியிற் சேமித்தல் இன்று பெருகிவரும் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் யானும் நண்பர் சிலரும் ஊர்க் குடும்பங்களின் உறுதிகளை அவ்வாறு சேர்த்து வந்தோம். இடம் போதாமையால், பழைய கணினியில் 3 டெராபைற்று வன்தட்டு ஒன்றைப் பூட்டினோம். கணினியோ 746 கிகாபைற்று மட்டுமே உண்டு என்றது. தட்டுப் பழுது என்று முதலிற் கருதினோம். அன்று, குறை தட்டில் இல்லை, அதனை எண்ணும் உறுப்பில் இருந்தது.

அஃது எங்ஙனமெனில், வன்தட்டு செக்டர் எனப்படும் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு 512 பைற்று கொள்ளும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண் உண்டு. கணினிக்கும் தட்டுக்கும் இடைநின்று, எக்கூற்றில் எழுதுவது, எக்கூற்றைப் படிப்பது என்று ஆணையிடும் உறுப்பே கட்டுப்படுத்தி. அவ்வெண்ணை எழுத அதனிடம் 32 இரும இலக்கங்களே இருப்பின், 4,294,967,296 கூறுகளுக்குமேல் எண்ண இயலாது. அதனை 512 ஆற் பெருக்கின் 2,199,023,255,552 பைற்றாகும். அதுவே 2.2 டெராபைற்று எல்லை.

பாடசாலைச் சேர்வு இடாப்பிலே மூன்று இலக்கத்துக்கு மட்டும் கட்டம் இருப்பதாகக் கொள்வோம். 1005 ஆம் மாணவனுக்கு எழுதுவோர் முதல் இலக்கத்தை விட்டு 005 என்று எழுதுவர். எமது தட்டுக்கும் இதுவே நேர்ந்தது. மூன்று டெராபைற்றில் 2.2 போக மிஞ்சியதே, 1024 அடிப்படையிற் கணக்கிட, 746 கிகாபைற்றாகத் தோன்றிற்று. வேறு சில கட்டுப்படுத்திகள் 2.2 டெராபைற்றோடு நின்றுவிடும்.

பிழையான எண்ணோடு எழுதத் தொடங்கின் கேடு பெரிது. 1005 ஆம் மாணவனின் விவரம் 5 ஆம் மாணவனின் விவரத்தின்மேல் எழுதப்படுமன்றோ? முன்னரும் இவ்விடர் உண்டாயிற்று. 28 இலக்க எண் வழங்கிய காலத்தில் எல்லை 137 கிகாபைற்று. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முதற்பதிப்பு அவ்வெல்லைக்கு உட்பட்டிருந்தது. 48 இலக்க எண்ணுக்கு 2002 இல் வந்த திருத்தப் பதிப்பே வழிசெய்தது.

இனி, பரிகாரம் யாது? கட்டுப்படுத்தியின் அட்டையிலுள்ள நினைவகச் சில்லில் ஒரு நிரல் நிலையாகத் தங்கியுள்ளது. இதுவே நிலைபொருள், ஃபேர்ம்வெயர் என்பதும் இதுவே. எல்லை இந்நிரலில் இருப்பின், தயாரிப்பாளர் வெளியிடும் புதிய பதிப்பை ஏற்றிக் குறையைத் தீர்க்கலாம். எல்லை சில்லின் அமைப்பிலேயே இருப்பின் எப்பதிப்பும் உதவாது. எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் 1068இ என்னும் பழைய சில்லு இதற்குச் சான்று. அதனை உடையோர் அட்டையை மாற்றுதலே வழி.

நிலைபொருளை மாற்றுமுன் செய்யத்தக்கன சில உள. முதலாவது, உள்ளவற்றுக்கெல்லாம் வேறு தட்டிற் படி எடுத்தல். எமது படிகளுள் ஒன்றைப் புத்தளத்து உறவினர் வீட்டில் வைத்தோம். ஒரே ஊரில் அனைத்தையும் வைத்தலின் விளைவை இவ்வூர் அறியும். இரண்டாவது, அட்டையின் மாதிரி எண்ணையும் தற்போதைய பதிப்பு எண்ணையும் குறித்து, அம்மாதிரிக்கே உரிய கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெறுதல். மூன்றாவது, மின்தடை நேராது காத்தல். ஏற்றும்போது மின் நின்றால் அட்டை மீண்டும் இயங்காது போகலாம். யூ.பி.எஸ். இன்றித் தொடங்குதல் தகாது.

மாற்றியபின்னும் பணி முடிந்ததன்று. தட்டின் பிரிப்பு அட்டவணையும் எண்ணத் தெரிந்ததாக வேண்டும். எம்.பி.ஆர். என்னும் பழைய முறையும் 32 இலக்கமே உடையது, ஆதலின் ஜி.பி.ரி. முறையையே கொள்க. பின்னர், வெறுந்தட்டில் 2.2 டெராபைற்றைக் கடந்து எழுதி, முதலில் எழுதியவற்றையும் இறுதியில் எழுதியவற்றையும் மீளப் படித்து மூலத்தோடு ஒப்பிடுக. திரையில் முழு அளவு தோன்றுதல் மட்டும் சான்றாகாது.

எமது அட்டைக்குப் புதிய பதிப்பு கிடைத்தது, தட்டு முழுதும் தோன்றிற்று, ஒப்பீடும் பொருந்திற்று. அதன் பின்னரே உறுதிகளின் படிமங்களை அதில் இட்டோம். பேழை பெரிதாயின் மட்டும் போதாது. அதன் மூலை முடுக்கெல்லாம் அறிந்த காவலனும் வேண்டும். ஒருமுறை இழந்த மக்களின் எழுத்தைக் காக்கப் புகுவோர் இச்சிறு சோதனையைப் பொருட்படுத்தாது விடலாகாது.