கடல் கடந்து வரும் தீபாவளிக் கறி: நடுவழியில் குளிர் அறுந்தால் என்ன ஆகும்?

பினாங்கு – தோட்டங்களில் ஒரு காலத்தில் தீபாவளிக் கறி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டி வளர்த்த ஆட்டை விடியற்காலையில் அறுத்து, கூறு போட்டு, வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வார்கள். ஆடு யாருடையது, என்ன தின்றது, எப்போது அறுபட்டது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இன்று ஜோர்ஜ்டவுன் பேரங்காடியிலும், பட்டர்வொர்த் மளிகைக் கடையிலும் வாங்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி பெட்டியில் உறைந்து வருகிறது. மலேசியர்கள் சாப்பிடும் ஆட்டிறைச்சியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உள்நாட்டில் கிடைக்கிறது. மீதியில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. நியூசிலாந்தும் அனுப்புகிறது.

அந்தக் கறி நல்ல கறிதானா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, அறுத்த இடத்திலிருந்து வீடு வரை குளிர் அறுபடாமல் வந்ததா? இரண்டு, அதற்குரிய ஆவணங்கள் முறையாக உள்ளனவா?

98 நாள் பயணம்

பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பும் வியாபாரம் பழையது. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடத்தால்தான் அந்த வட்டாரத்தை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்கிறார்கள். ஆனால், இறைச்சியை மாதக் கணக்கில் உறைய வைத்திருக்கப் பனிக்கட்டி போதாது, இயந்திரம் தேவைப்பட்டது.

1882 பிப்ரவரி 15-இல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டனிடின்’ என்ற பாய்மரக் கப்பல், குளிரூட்டும் இயந்திரத்தோடு லண்டனுக்குப் புறப்பட்டது. வெப்ப மண்டலக் கடலில் சென்றபோது, சரக்கறைக்குள் குளிர்காற்று சரியாகச் சுற்றவில்லை. கப்பல் தலைவர் காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்து சென்று துளைகளை வெட்டினார். குளிரில் விறைத்துப்போன அவரை, காலில் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். 98 நாள் கழித்து லண்டன் சேர்ந்தபோது, ஏறத்தாழ 5,000 உடல்களில் ஒன்றுதான் கெட்டதென ஒதுக்கப்பட்டது.

குளிர் இருந்தால் மட்டும் போதாது, சரக்கின் எல்லாப் பக்கமும் அது சுற்றிவர வேண்டும். இன்றைய கொள்கலனுக்கும் அதே விதிதான்.

கொள்கலன் உறைய வைக்காது

துறைமுகச் சாலையில் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், ஒரு முனையில் இயந்திரத்தோடு போகும் கொள்கலனுக்கு ‘ரீஃபர்’ என்று பெயர். சூடான பொருளை உள்ளே வைத்தால் அது உறைய வைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த வேலைக்கு உருவானதல்ல. ஏற்கெனவே உறைந்த சரக்கை அதே குளிரில் வைத்திருப்பதே அதன் வேலை.

அதனால் இறைச்சியை ஏற்றுமதி செய்யும் ஆலையிலேயே வேகமாக உறைய வைக்கிறார்கள். மெதுவாக உறைந்தால் தசைக்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகி, நார்களைக் கிழித்துவிடும். அந்தக் கறியை வீட்டில் இளக்கும்போது சாறெல்லாம் ஒழுகி, சமைத்தால் சக்கையாக இருக்கும்.

கொள்கலனின் தரையில் நீளவாட்டில் வரிசை வரிசையாகத் தண்டவாளம் போன்ற பள்ளங்கள் உண்டு. குளிர்காற்று அவற்றின் வழியே அடியில் ஓடி, மேலேறி, இயந்திரத்துக்குத் திரும்புகிறது. உள்சுவரில் ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் பெட்டி அடுக்கினால் காற்றின் பாதை அடைபடும்.

உறைந்த உணவுக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால், சாவதும் இல்லை, உறங்குகின்றன. குளிர் விட்டதும் எழுந்து வேலையைத் தொடங்கும்.

ஆபத்து கைமாறும் இடத்தில்

கப்பலில் இருக்கும்வரை கொள்கலனுக்கு மின்சாரம் கிடைக்கும். பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்குத் துறைமுகக் கொள்கலன் முனையத்தில் இறக்கியதும் அங்குள்ள மின்இணைப்பில் பொருத்துவார்கள். லோரியில் ஏற்றினால் தனி ஜெனரேட்டர் வேண்டும்.

கப்பலிலிருந்து முனையம், முனையத்திலிருந்து லோரி, லோரியிலிருந்து குளிர்கிடங்கு, கிடங்கிலிருந்து கடை என்று ஒவ்வொரு முறை கைமாறும்போதும் குளிர் கொஞ்சம் விட்டுப்போக வாய்ப்புண்டு. மூடிய கொள்கலன் சில மணி நேரம் தாங்கும். கதவைத் திறந்துவிட்டு, பினாங்கின் 32 டிகிரி வெயிலில் பெட்டிகளை வெளியே அடுக்கி வைத்தால் தாங்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டி நன்றாக வந்த கறி, கடைசிச் சில கிலோமீட்டரில் கெட்டுப்போவது இப்படித்தான்.

இந்தப் பயணத்துக்குச் சாட்சி உண்டு. கொள்கலனின் இயந்திரம் வெப்பநிலையை இடைவிடாமல் பதிவு செய்துகொண்டே வரும். வழியில் குளிர் எப்போது விட்டது, எவ்வளவு நேரம் விட்டது என்பதை அந்தப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

தாள்களும் அறுபடக் கூடாது

வெளிநாட்டு இறைச்சியைக் கொண்டுவர இறக்குமதி உரிமம் கட்டாயம். அறுக்கும் கூடத்துக்கு மலேசியக் கால்நடைச் சேவைத் துறையின் அங்கீகாரமும் ஜாக்கிமின் ஹலால் அங்கீகாரமும் இருக்க வேண்டும். ஏற்றுமதி நாட்டின் கால்நடை மருத்துவச் சான்றிதழும் சரக்கோடு வர வேண்டும். நுழைவாயிலில் இவற்றைச் சரிபார்க்கும் வேலையை ‘மாக்கிஸ்’ எனப்படும் தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவைத் துறை செய்துவந்தது.

ஹலால் முத்திரை முஸ்லிம்களின் விவகாரம் மட்டும்தான் என்று நினைப்பது தவறு. 2020 டிசம்பரில் ஜொகூர், செனாயில் ஒரு கிடங்கு சோதனையிடப்பட்டபோது, உறைந்த இறைச்சியில் போலி ஹலால் முத்திரை பயன்படுத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. முத்திரை போலியென்றால், பெட்டிக்குள் இருப்பது எந்த விலங்கு, எந்த நாடு, எப்போது அறுத்தது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மாட்டிறைச்சியைத் தொடாத இந்துக் குடும்பத்துக்கும் அது சின்ன விஷயம் அல்ல.

ஹட்யாய் பையில் வேண்டாம்

வடக்கில் உள்ளவர்களுக்குத் தாய்லாந்து பக்கத்து ஊர் போல. வார இறுதியில் ஹட்யாய் போய், திரும்பும்போது ஐஸ் பெட்டியில் நாலு கிலோ கறி கொண்டுவந்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம்.

உரிமம் இல்லாமல் இறைச்சியைக் கொண்டுவருவது 2011-ஆம் ஆண்டு மாக்கிஸ் சட்டப்படி குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கக் காரணம் உண்டு. தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்குக் கோமாரி நோய் என்றால் என்னவென்று தெரியும். அந்த நோய்க்கிருமியை உறைகுளிர் அழிப்பதில்லை. ஒருவர் பையில் வந்த கறியின் கழிவு, இன்னொருவர் பட்டியையே காலி செய்துவிடலாம்.

கடைசிக் கண்ணி வீட்டில்

வாங்கும்போது பொட்டலத்தைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே பொடிப்பனி நிறைய இருந்தாலோ, அடியில் சிவந்த சாறு தேங்கி உறைந்திருந்தாலோ, தனித்தனியாக இருக்க வேண்டிய துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ, அது நடுவில் இளகி மறுபடி உறைந்திருக்கலாம். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டிலிருந்து வந்தது, காலாவதித் தேதி ஆகியவை தெளிவாக இல்லாத பொட்டலத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போனால் மற்ற சாமான்களை முதலில் எடுத்துவிட்டு, கறியைக் கடைசியாக எடுங்கள். வீட்டில் மின்சாரம் போனால் பிரீசரைத் திறக்க வேண்டாம். நிறைந்திருக்கும் பிரீசர், திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும்; பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம்.

இரவில் கறியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். உறங்கிய கிருமிகள் விடிவதற்குள் பெருகிவிடும். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிரீசரிலிருந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து இளக விடுங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.

ஆகவே தீபாவளியன்று காலையில் அடுப்பேற வேண்டிய கறியை, முதல் நாள் காலையிலேயே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.