தொடையிலிருந்து மூளைக்கு ஒரு பயணம்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, எங்கள் விடுதியில் சமையல் செய்யும் ஆயாம்மாவின் வாய் கோணிற்று. வலது கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தார்கள். நாங்களும் வகுப்புக்குச் சென்றுவிட்டோம். மாலையில்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. உடன் சென்றவர்களால் பதில் கூற இயலவில்லை. அக்கேள்விக்கு ஏன் அத்தனை மதிப்பு என்று நாங்கள் தேடிப் படித்தவற்றை இங்கு எழுதுகிறோம்.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் இரத்தக் கட்டி அடைத்துக்கொண்டால் அப்பகுதி பிராணவாயு இன்றி வாடுகிறது. இரத்தக் குழாய் வெடிப்பதாலும் பக்கவாதம் வருவதுண்டு. எனினும் அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன எனக் கணக்கிட்டுள்ளனர். காலை வணக்கக் கூட்டத்தில் நாம் நிற்கும் கால் மணி நேரத்திற்கு எத்தனை என்று தோழியரே பெருக்கிப் பாருங்கள்!

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பயன் தருவதை 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. முதலில் 3 மணி நேரம் என்றிருந்த கெடு பின்னர் நாலரை மணியாயிற்று. ஆனால் பெரிய தமனியில் சிக்கிய பெரிய கட்டி எளிதில் கரைவதில்லை. கரையாததை வெளியே இழுத்தால் என்ன?

இவ்வெண்ணம் புதியதன்று. 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கரான தாமஸ் ஃபோகார்ட்டி, கால் தமனிகளில் உள்ள கட்டிகளை எடுக்க ஒரு கருவி செய்தார். கதீட்டர் எனும் மெல்லிய குழாயின் நுனியில் ரப்பர் கையுறையின் விரல் நுனியைப் பலூனாகக் கட்டினார். மீன்பிடி தூண்டிலில் போலி ஈ கட்டும் முறைதான் அவருக்குக் கைகொடுத்ததாம்! மூளைத் தமனிகளோ மெல்லியவை, வளைந்து நெளிந்தவை. அவற்றுக்கென 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற "மெர்சி" என்னும் கருவி, தக்கையைத் திருகி எடுக்கும் கம்பி போன்றிருந்தது. 2012-ல் கம்பி வலைக் கருவிகள் வந்தன.

இம்முறையில் மண்டையோட்டைத் திறப்பதில்லை. தொடை இடுக்கிலுள்ள தமனியில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கதீட்டரைப் பெருந்தமனி, கழுத்துத் தமனி வழியாக மேலே செலுத்துகிறார்கள். அதனுள்ளிருந்து அதைவிட நுண்ணிய குழாயொன்று கட்டியைத் துளைத்து அப்பால் செல்கிறது. அக்குழாயைப் பின்னுக்கு இழுத்ததும் உள்ளே மடங்கியிருந்த வலை கட்டிக்குள்ளேயே விரிகிறது. வலையின் கண்களில் கட்டி சிக்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்து, இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே மெல்ல இழுக்கிறார்கள். வலையின்றி உறிஞ்சியே எடுப்பதும் உண்டு.

இத்தனை அழகான உபாயம் ஏறக்குறையக் கைவிடப்படவிருந்தது. 2013-ல் வெளியான மூன்று ஆய்வுகளும் இதனால் கூடுதல் நன்மை இல்லை என்றன. பெரும்பாலும் பழைய கருவிகள், தாமதம் வேறு, அடைப்பு பெரிய தமனியில்தானா என்று பலருக்கு முன்கூட்டியே பார்க்கவுமில்லை. பிறகு நெதர்லாந்தில் 500 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2015 தொடக்கத்தில் அச்சாயிற்று. மூன்று மாதங்களுக்குப் பின் பிறர் துணையின்றி வாழ முடிந்தவர்கள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 19 பேர். கட்டியும் எடுக்கப்பட்டோரில் 33 பேர். மீதி 67 பேரை எண்ணினால் மகிழ்ச்சி சற்றுக் குறைகிறது. ஆயினும் அவ்வாண்டிலேயே வேறு நான்கு ஆய்வுகளும் இதனை உறுதிசெய்தன. 2018 முதல், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க பகுதி மீந்திருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரம் வரையிலும் சிலருக்குச் செய்கிறார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இல்லை.

ஆயாம்மா இப்போது இடது கையால் கீரை ஆய்கிறார். அன்று காலை ஆறேகால் மணிக்கு எங்களுக்குக் காப்பி ஊற்றியபோது அவர் சிரித்துப் பேசி நன்றாகவே இருந்தார். அது எங்களுக்குத் தெரியும். மருத்துவர் கேட்டபோது எங்களில் ஒருவரும் அங்கில்லை.