மிச்சம் யாருக்கு?

அமெரிக்காவிலும் கூட்டாட்சி, இங்கும் கூட்டாட்சி என்கிறார்கள். பெயர் ஒன்றுதான், பிடி எவர் கையில், தோழர்களே?

அங்கே மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரம் என்று எழுதிவிட்டு, மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்றது 1791ஆம் ஆண்டுத் திருத்தம். இங்கே மூன்று பட்டியல்கள். மூன்றிலும் இல்லாத மிச்சம் டில்லிக்கு! பந்தி விசாரித்தவரே பாத்திரத்தோடு மிச்சத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போன கதை!

அங்கே ஒரு மாநிலத்தைப் பிரிக்க, அதன் சட்டமன்றம் இசைய வேண்டும். இங்கே அரசியல் சட்டத்தின் 3ஆவது விதிப்படி கருத்துக் கேட்டால் போதும். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. மாநில உரிமையின் பேரால் கறுப்பின மக்களை ஒடுக்கியவர்களும் அங்கே உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மாநில ஆளுநரை அமர்த்துவோர் அங்கே மக்கள். ஜனாதிபதி அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இங்கே? 1959இல் கேரளத்தில், பெரும்பான்மையோடிருந்த நம்பூதிரிபாட் அமைச்சரவை 356ஆவது விதியால் வீழ்த்தப்பட்டது. 1976இலும் 1991இலும் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. 1991இலோ ஆளுநரின் அறிக்கைகூட இல்லாமலே! பெரும்பான்மையை எண்ண வேண்டிய இடம் சட்டமன்றம், ஆளுநர் மாளிகையல்ல என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல, நாம் 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.