வண்டியோடு போகும் வாயு ஆலை

ஜனவரி 29 நெருங்குகிறது. மெக்கானிக்கல் கடைசி வருட மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய கெடுவும் அதை ஒட்டியே வருகிறது. இரண்டும் சேர்ந்துகொண்டதில் இந்த வாரத் தபாலில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறது: 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வீட்டுக் கொட்டகையிலோ கல்லூரிப் பட்டறையிலோ ஓடுகிற நிலையில் செய்துவிட முடியுமா? முடியும். பல நாடுகளில் செய்திருக்கிறார்கள். காட்சியகங்களில் நாம் பார்க்கும் பென்ஸ் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்த நகல்களே. குழப்பம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. எதைச் செய்தால் அது நகல்? இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் போட்டு, கம்பி ஆரச் சக்கரம் மூன்று மாட்டி, சீட்டுக்குப் பின்னால் பழைய மொபெட் இன்ஜின் ஒன்றை ஒளித்து வைத்தால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது என்பது என் கட்சி. காரணம் இன்ஜினைவிட அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எப்படி நடக்கிறது, டிஃபரன்ஷியல் எதற்கு என்பதையெல்லாம் பாடப்புத்தகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தத் தேதி. 1886 ஜனவரி 29-ஐ மோட்டார் காரின் பிறந்த நாள் என்று பென்ஸ் பெயரைத் தாங்கிய கம்பெனி சொல்கிறது. 37435 என்ற எண்ணுள்ள காப்புரிமைப் பத்திரத்தைப் ‘பிறப்புச் சான்றிதழ்’ என்கிறது. யுனெஸ்கோவும் 2011-இல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அன்று நடந்தது ஒரு விண்ணப்பம் தாக்கலானது, அவ்வளவுதான். வண்டி முந்தைய வருடமே ஓடத் தொடங்கியிருந்தது. மன்ஹைம் நகரத்தார் அதைத் தெருவில் பார்த்தது 1886 ஜூலை 3-ஆம் தேதி. ‘முதல் கார்’ என்ற பட்டத்துக்கு வியன்னாவின் சீக்ஃப்ரீட் மார்க்குஸும் வெகுகாலம் போட்டியில் இருந்தார். அவருடைய வண்டி 1875-ஐச் சேர்ந்தது என்று நம்பி வந்தார்கள். பிறகு பத்திரங்களைத் தோண்டிப் பார்த்ததில் அது 1888-89 வாக்கில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. நடுவில் 1940-இல் நாஜி பிரச்சார அமைச்சகம், மார்க்குஸ் யூதர் என்பதால், கலைக்களஞ்சியங்களில் அவர் பெயரை எடுத்துவிட்டு டைம்லரையும் பென்ஸையும் போடச் சொன்னது. பென்ஸ் முந்தியவர் என்ற முடிவு இன்று நிற்கிறது என்றாலும், அது வந்து சேர்ந்த பாதை அவ்வளவு சுத்தமானதில்லை. ஆகவே ‘சான்றிதழ்’, ‘அசல்’ என்ற சொற்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வண்டியில் பென்ஸுக்கே உரியது எது என்று எண்ணிப் பார்த்தால் பட்டியல் வேகமாகச் சுருங்குகிறது. நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோவினுடையது. வேடிக்கை என்னவென்றால், பென்ஸ் விண்ணப்பித்த மறுநாள், ஜனவரி 30 அன்றுதான், ஓட்டோவின் காப்புரிமையை ஜெர்மன் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. டிஃபரன்ஷியலை அதற்கு முன்பே மூன்று சக்கர சைக்கிள்களில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குழாய்ச் சட்டம், கம்பி ஆரம், செயின் எல்லாமே சைக்கிள் பட்டறைச் சரக்கு. மிஞ்சுவதைக் காப்புரிமைத் தலைப்பே சொல்லிவிடுகிறது: ‘வாயு மோட்டாரால் ஓடும் வாகனம்’. அக்காலத்து மோட்டார்கள் பெரும்பாலும் நகர வாயுக் குழாயில் கட்டிப்போட்ட மாடுகள் மாதிரி. குழாய் எட்டும் இடத்தில்தான் வேலை. வாயுவை லிக்ராயின் என்ற லேசான பெட்ரோலிய எண்ணெயிலிருந்து போகிற வழியிலேயே உண்டாக்கிக்கொள்ளும் கருவியையும் வண்டியிலேயே ஏற்றிவிட்டார் பென்ஸ். அதாவது ஒரு குட்டி வாயு ஆலை. அதன் பெயர்தான் மேற்பரப்பு கார்புரேட்டர். இதை எடுத்துவிட்டு இன்றைய கார்புரேட்டரை மாட்டுகிறவர் காப்புரிமையின் தலைப்பையே அடித்துவிடுகிறார்.

அந்தப் பாத்திரத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஜெட் கிடையாது, வெஞ்சுரி கிடையாது. மூடிய உலோகப் பாத்திரம், அடியில் எண்ணெய். பிஸ்டன் இழுக்கும்போது வெளிக்காற்று ஒரு குழாய் வழியாக உள்ளே வந்து, எண்ணெயின் மேல் தவழ்ந்து, ஆவியைச் சுமந்துகொண்டு இன்னொரு குழாய் வழியாக சிலிண்டருக்குப் போகிறது. ஈரத் துணியின் மேல் காற்றடித்தால் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கணக்குப் போட்டால் அதன் அளவு புரியும். சிலிண்டர் 954 சிசி. நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் 200 இழுப்பு. அதிகபட்சம் 190 லிட்டர் கலவை. அதில் இருக்க வேண்டிய எண்ணெய் நிமிடத்துக்கு 15 கிராம் அளவு, மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். இந்த 15 கிராம் ஆவியாக ஏறக்குறைய 90 வாட் வெப்பம் வேண்டும். பழைய குண்டு பல்பு ஒன்றின் வெப்பம்தான். ஆனால் அதைக் கொடுக்காவிட்டால் எண்ணெய் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்ந்துபோகும், ஆவி குறையும், இன்ஜின் இருமும். புகைபோக்கியின் சூட்டைக் கொஞ்சம் பாத்திரத்துக்குக் கடன் வாங்குவது அதனால்தான். பாத்திரத்திலிருந்து வரும் வாயு வேண்டுமென்றே கெட்டியாக, எரிய முடியாத அளவுக்கு ஆவி மிகுந்ததாக இருக்கும். சீட்டுக்கு அடியிலுள்ள தள்ளுவால்வு வழியாகக் கூடுதல் காற்றைக் கலந்து அதை எரியும் பதத்துக்குக் கொண்டுவருகிறார் ஓட்டுநர். ஆக்ஸிலரேட்டர் என்று தனியாக எதுவுமில்லை, சமையலில் தண்ணீர் விட்டுப் பதம் பார்ப்பது போலத்தான்.

சாமர்த்தியம் இவ்வளவு எளிமையாக இருப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. லிக்ராயின் ஓரளவு ஒரே சீராகக் கொதிக்கும் எண்ணெய். நம் பங்க் பெட்ரோல் அப்படியில்லை. சுமார் 35 டிகிரியில் தொடங்கி 200 டிகிரியைத் தாண்டியும் கொதிக்கும் பல பொருள்களின் கூட்டு. ஜெட் கார்புரேட்டரும் இன்ஜெக்டரும் முழுக் கூட்டையும் ஒருசேரத் தூவிவிடுவதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. மேற்பரப்பு கார்புரேட்டரோ லேசானதை முதலில் பறித்துக்கொண்டு கனமானதைப் பாத்திரத்தில் விட்டுவிடும். வண்டி முதலில் ஜோராகக் கிளம்பும், போகப் போகச் சோர்ந்துவிடும். செய்தவர்கள் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள், காயிலை மாற்றுவார்கள். கோளாறு இருப்பது பாத்திரத்தின் அடியில் தேங்கிய, இனி ஆவியாக மறுக்கும் வண்டலில். போதாததற்கு இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும். 90 வாட் என்ற கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். காற்றிலுள்ள ஈரத்தையும் அது உறிஞ்சும். எத்தனால் கலப்பால் வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாது என்ற அரசுத் தரப்பு வாதம் இன்றைய வண்டிகளை மனதில் வைத்துச் சொன்னது. 1886-இன் பாத்திரத்துக்கு அது எழுதப்படவில்லை. மாற்று வழி கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது: வேதியியல் ஆய்வகத்தில் ‘60–80’ என்று எழுதிய பாட்டிலில் வரும் பெட்ரோலியம் ஈதர். விலை அதிகம், தீப்பற்றும் வேகமும் அதிகம். ஆனால் பென்ஸின் எண்ணெய்க்கு அதுதான் நெருங்கிய உறவு. 1888 ஆகஸ்டில் கார்லின் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 105 கிலோமீட்டர் ஓட்டியபோது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் எண்ணெய் வாங்கினார் என்பதை விளம்பரங்கள் ‘உலகின் முதல் பெட்ரோல் பங்க்’ என்று கொண்டாடுகின்றன. அந்தக் கடையில் அவர் வாங்கியது கறை நீக்க விற்ற லிக்ராயின். கார்புரேட்டர் கொள்ளும் 4.5 லிட்டரைத் தவிர வண்டியில் வேறு டேங்க்கே கிடையாது.

இப்போது என்னை உறுத்தும் பகுதி. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை இருக்கும்போதுதான் பற்றும். புது எண்ணெய் நிறைந்த பாத்திரத்துக்குள் ஆவி இதைவிட மிக அதிகம். பொறி உள்ளே போனாலும் பற்றாது. ஆனால் எண்ணெய் கனத்துப்போகும்போது அல்லது குளிரும்போது ஆவி குறைகிறது; பாத்திரத்துக்குள் இருக்கும் கலவை மெல்ல மேலிருந்து இறங்கி, பற்றும் எல்லைக்குள் நுழைகிறது. அதே நேரத்தில்தான் இன்ஜின் தடுமாறி, கலவை பதம் தவறி, இன்லெட் வழியாகப் பின்னால் வெடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. வண்டி நன்றாக ஓடும்வரை பாத்திரம் ஓரளவு பத்திரம். மக்கர் பண்ணும் நேரத்தில்தான் அது ஆபத்து. மக்கர் பண்ணும் வண்டியைத்தான் ஐந்தாறு மாணவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

‘அப்படியானால் எதற்கு இந்த விஷப் பரீட்சை? புது கார்புரேட்டரைப் போட்டுவிட்டுப் போகலாமே’ என்பது நியாயமான மறுப்பு. பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஊர்வலத்தில் ஓட்டவும் கல்யாண ஊர்கோலத்துக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள். அதற்கு ‘பென்ஸ் தோற்றமுள்ள வண்டி’ என்று பெயர் வைத்துவிட்டால் சண்டையே இல்லை. ஓடுகிற நகல் என்று சொல்லி மதிப்பெண் கேட்டால்தான் கேள்வி வருகிறது. ஆபத்தைக் குறைக்க வழியும் பழசுதான்: 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்குக்குச் சொன்ன நெருக்கமான கம்பி வலை. பாத்திரத்துக்கும் இன்லெட்டுக்கும் நடுவே பித்தளை வலையைச் சில அடுக்கு வைத்தால் சுடர் அதன் வழியே போகும்போது சூட்டை இழந்து அணைந்துவிடும். அதோடு அழுத்தம் வந்தால் தானே தூக்கிக்கொள்ளும் மூடி, ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெய் விடாத கட்டுப்பாடு, அரை மணிக்கு ஒருமுறை வண்டலை வடிப்பது, திறந்தவெளி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஓடும். மூடிய பட்டறையில் சோதிப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மேற்பரப்பு கார்புரேட்டரையும் பென்ஸ் முதலில் கண்டுபிடிக்கவில்லையே? மார்க்குஸ் வண்டியில் தூரிகை வைத்துத் தெளிக்கும் வேறு விதமான கருவி இருந்தது. ஆவியைக் காற்றில் கலக்கும் முயற்சிகள் அதற்கும் முந்தியவை. சரிதான். ஆனால் பென்ஸ் வண்டியின் மற்ற அளவுகள் இந்தப் பாத்திரத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. இன்ஜின் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும்; அதனால் வேகத்தைப் பெல்ட்டில்தான் சரிக்கட்ட முடியும்; அதனால்தான் சுமையில்லா புல்லியிலிருந்து சுமைப் புல்லிக்குப் பெல்ட்டைத் தள்ளும் கம்பி. மணிக்கு 16 கிலோமீட்டரில் வேகம் நிற்பதற்கும் எண்ணெய் தீரும் தூரத்துக்கும் இதில் பங்குண்டு. 1893 வாக்கில் மேபாக் தூவல் கார்புரேட்டரைக் கொண்டுவந்ததும் இந்தக் கட்டு முழுவதும் அவிழத் தொடங்கியது. முனிச் காட்சியகத்தில் நிற்கும் முதல் வண்டியே பிரித்து, மாற்றி, மறுபடி சேர்த்ததுதானே, நகலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்பவர்களுக்கும் இதுவே பதில். எந்த போல்ட் 1885-ஐச் சேர்ந்தது என்பது அருங்காட்சியகத்தார் கவலை. செய்கிறவர் காப்பாற்ற வேண்டியது அந்தக் காரண காரியத் தொடர்ச்சியை.

அதே நியாயப்படி பென்ஸின் தவறுகளையும் விட்டுவைக்கக் கூடாது. ஃபிளைவீல் நின்றபடி சுழன்றால் அதன் கைரோ விசை வண்டியைத் திருப்ப விடாது என்று அவர் பயந்தார், அதைப் படுக்கவைத்தார். 60 கிலோ எடை, 80 செ.மீ. விட்டம் என்று ஒரு தட்டை வைத்துக் கணக்கிட்டாலும், 400 சுற்றில், சாதாரணத் திருப்பத்தில் வரும் சாய்க்கும் விசை ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ தொங்கவிட்டது போலத்தான். பயம் வீண். 1893-இன் விக்டோரியா என்ற மாடலில் அவரே அதை நிமிர்த்திவிட்டார். இருந்தாலும் 1886-இன் நகலில் அது படுத்துத்தான் சுழல வேண்டும்.

மற்ற கேள்விகள்.

எத்தனை குதிரைத்திறன்? ஒரு பட்டியல் 250 சுற்றில் மூன்றில் இரண்டு என்கிறது, இன்னொன்று 400 சுற்றில் முக்கால் என்கிறது. நீங்கள் செய்ததை நீங்களே அளந்து எழுதுங்கள்.

பிரேக்? பெல்ட்டைத் தள்ளும் அதே கம்பியைப் பின்னால் இழுத்தால் பிரேக்.

ரிவர்ஸ் கியர்? இல்லை, இறங்கித் தள்ள வேண்டும்.

ரேடியேட்டர்? இல்லை, தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரோட்டில் ஓட்டலாமா? பதிவில்லாமல் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டம் விடாது. 2021-இல் வந்த பழங்கால வாகன விதி 50 வருடம் தாண்டிய அசல் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும், உங்களுடையது புதியது, அதுவும் மூன்று சக்கரம்.

ஸ்டார்ட் செய்வது? ஃபிளைவீலைக் கையால் பிடித்துச் சுழற்றித்தான். தளர்ந்த வேட்டியும் துப்பட்டாவும் கிட்டே வரக் கூடாது.

வடித்த வண்டலை என்ன செய்வது? இறுக மூடும் தகர டின்னில், வெயில் படாத இடத்தில். பாத்ரூம் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.